இமை வீங்கினால் கண் மையை மட்டும் சந்தேகப்படாதீர்கள்

"கண் மையை விட்டு ஒரு மாசம் ஆச்சு டாக்டர், அரிப்பு மட்டும் போகவே இல்லை" என்று ஒரு பெண் வந்தார். இரண்டு மேல் இமைகளும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. உடம்புச் சூடு என்று வீட்டில் விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் போட்டதில் நாலு நாள் அடங்கி, விட்டதும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. பேசும்போதே விரலால் இமையைத் தேய்த்துக்கொண்டார். நகத்தில் பளபளவென்று நெயில் பாலிஷ். காரணம் அதுதான், பாலிஷ் அலர்ஜி.

நகத்தில் பூசியது நகத்தைத்தானே பாதிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நகம் கெட்டியானது, விரல் தோலும் தடிப்பானது. இமைத் தோலோ அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பிலேயே மெல்லியது. பாலிஷில் உள்ள பிசின் காய்வதற்குள் கை கண்ணுக்குப் போனால், விரலில் எதுவும் தெரியாமலே இமை வீங்கிவிடும்.

ஹேர் டையும் இப்படித்தான். சனிக்கிழமை டை அடித்துவிட்டு திங்கட்கிழமை கண் திறக்க முடியாமல் வருபவர்கள் நிறைய, ஆண்களும்தான். இந்த அலர்ஜி உடனே வராது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே காட்டும், அதனால் யாரும் டையோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. "பத்து வருஷமா இதே டைதான் சார்" என்பார்கள். பத்து வருடம் ஒத்துக்கொண்டது பதினோராவது வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அலர்ஜியின் இயல்பே அது. டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம்தான் முக்கியக் காரணம். 'அம்மோனியா இல்லை' என்று பெட்டியில் போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று அர்த்தமில்லை. சட்டென்று கருப்பாகப் பிடிக்கும் 'கருப்பு மருதாணி'யிலும் அது இருக்கலாம்.

இன்னொன்று, கண்ணுக்கு விடும் மருந்தே அலர்ஜியாவது. நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த சொட்டு மருந்தும் களிம்பும் சிலருக்கு ஆகாது. கண் சரியாகவில்லையே என்று அதையே இன்னும் அதிகமாக விட்டு, கீழ் இமையும் கன்னமும் சேர்ந்து சிவந்து வருவார்கள். வாசனை சேர்த்த க்ரீம், ஷாம்பு, இமை முடியைச் சுருட்டும் கருவியில் உள்ள நிக்கல், வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பார்த்தீனியச் செடி என்று பட்டியல் நீளம்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் வாங்கி இமையில் தடவாதீர்கள். தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலியும், கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். கண் அழுத்தத்தால் போன பார்வையை எங்களால் திருப்பித் தர முடியாது.

எது ஆகவில்லை என்று தெரியாவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். ஊசி எதுவும் கிடையாது.

வீக்கத்தோடு வலி, காய்ச்சல், பார்வை மங்கல், கண்ணை அசைக்க முடியாமை இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே வந்துவிடுங்கள். மற்றபடி வரும்போது முகத்துக்கும் தலைக்கும் நகத்துக்கும் பயன்படுத்தும் எல்லாவற்றையும், கண்ணுக்கு விட்ட மருந்துகளையும் அட்டைப் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், வீட்டுக்காரர் அடிக்கும் டை உட்பட.