எழுவான்கரைக் கிணறு ஏன் சவர்க்கிறது?

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் என்னிடம் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லாயிருந்த கிணறு, இப்ப சவர்க்குது. கடல் உள்ளுக்கு வந்துட்டுதா?" நிலத்தடி நீர் பார்ப்பது என் தொழில். மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் கேட்டுப் பழகிய கேள்வி. கடல் புதிதாக வரவில்லை. பல கிணறுகளில் உவர்நீர் அடியில் எப்போதும் இருக்கிறது, நாம்தான் அதை மேலே இழுக்கிறோம்.

எழுவான்கரையே, அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலான மணற்கரையே, தண்ணீர் உண்டாக்கிய நிலம். மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அது படப்பட, பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் களியாக (களிமண்ணாக) மாறுகிறது. குவாட்ஸ் என்ற இன்னொரு கனிமம் லேசில் கரையாது, மணலாக உதிர்கிறது. ஆறுகள் இரண்டையும் கொண்டுவந்தன. களி வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தாழ்நிலங்களில் படிந்து வயலானது, மணலை அலை கரையில் குவித்தது.

அந்த மணலுக்குள்தான் நமது நன்னீர் நிற்கிறது. கடல்நீர் லீற்றருக்குச் சுமார் 25 கிராம் பாரம் கூட. அதனால் மாரியில் இறங்கும் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. வாளியில் ஊற்றிக் கலக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மணலுக்குள் நீர் நகர்வதே மெதுவாக, அதனால் கலப்பு குறைவு.

கணக்கு ஒன்று உண்டு. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கலாம். கேட்கச் சந்தோசம்தான். ஆனால் அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால், அதே கணக்கு மறுபக்கம் ஓடும்: உவர்நீர் கூம்பாக எழுந்து கிணற்றடிக்கு வரும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் நிலைமை மோசமானது இதனால்தான். மணலில் தங்கிய உப்பைப் பெரும்பாலும் கழுவியது அடுத்து வந்த மாரிகள்தான்.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீர் சவர்த்ததும் கிணற்றை ஆழமாக்குவதுதான் நம்மவர்களின் முதல் யோசனை. அது உவரை நோக்கித் தோண்டுவது. மோட்டரைச் சிறிதாக்குங்கள், தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலை, மாலை என்று பிரித்து இறையுங்கள், கிணற்றுக்கு ஓய்வு கொடுங்கள். வளவு முழுக்கச் சீமெந்து போட்டுவிட்டு (இப்போது அதுதானே அழகு!) கூரைத் தண்ணீரை வடிகானுக்கு விடாதீர்கள், மணலுக்குள் இறக்குங்கள்.

மலசலகூடக் குழியையும் பாருங்கள். நீரை விரைவாக உள்ளே விடும் மணல், குழிக் கழிவையும் அப்படியே விடும். அதிலிருந்து உருவாகும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். பால்மா கரைக்கும் வீடென்றால் கிணற்று நீரைச் சோதித்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.