தாராளவாத இறையியல்: சொல் விளக்கம்

சபை மேடைகளில் 'லிபரல்' (தாராளவாதி) என்றால் வேதாகமத்தை நம்பாதவர் என்று பொருள். கிட்டத்தட்ட ஒரு வசைச்சொல். ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பொருள் உதவாது.

லத்தீனில் 'லீபெர்' என்றால் அடிமையல்லாதவன். அதிலிருந்து வந்த 'லீபெராலிஸ்', சுதந்திரக் குடிமகனுக்குத் தகுந்தது என்றும் கைதாராளம் உள்ளது என்றும் இருபொருள் தரும். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் செம்லர், கிறிஸ்தவ போதனையைச் சுதந்திரமாகக் கற்பது பற்றி 1774இல் எழுதிய லத்தீன் நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. (தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்ததும் அதே ஹாலேயில்தான்.) பின்னர் ஜெர்மானிய இறையியலாளர்களான ஷ்லையர்மாகரும் ஹார்னாக்கும் இப்போக்கின் முதன்மை முகங்கள் ஆனார்கள். வேதாகமமோ விசுவாச அறிக்கையோ சொல்கிறது என்பது மட்டும் ஒரு போதனையை ஏற்கப் போதாது, நவீன அறிவுக்கும் சமய அனுபவத்துக்கும் முன்னால் அது நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. அற்புதங்களை மறுப்பது இதன் விளைவுகளில் ஒன்று. அதையே வரையறையாக எழுதுவது தவறு.

தமிழில் 'தாராளம்' லத்தீனின் இரண்டாம் பொருளை மட்டுமே பிடிக்கிறது. ஒழுக்கத்தில் கண்டிப்பில்லாதவர்கள் என்ற எண்ணம் எழுவது இதனால்தான். 'கட்டற்ற இறையியல்' வேருக்கு நெருக்கமானது. ஆனால் மூலநூல்களின் மொழியை ஆராய்வதில் இவர்கள் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு மிகக் கடுமையானது என்பதால் அதுவும் பொருந்தாது. 'முற்போக்கு' அரசியல் வாடை அடிக்கும். வழக்கில் ஊன்றிவிட்ட 'தாராளவாத இறையியல்' என்பதையே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும் இடத்தில் வரையறுத்துவிடுவது நல்லது. எதிர்த்தரப்புக்குப் 'பழமைவாதி' வேண்டாம். 'மரபுவழி' நடுநிலையான சொல்.

விடுதலை இறையியலை இதனுடன் குழப்புவது அடிக்கடி நடக்கிறது. லத்தீன் வேர் ஒன்றுதான், கேள்வி வேறு: 1971இல் விடுதலை இறையியல் பற்றி நூல் வெளியிட்ட பெரு நாட்டுக் குரு குத்தியெரெஸின் அக்கறை ஏழைகளின் ஒடுக்குமுறை. சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தையும் தாராளவாதிகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. 1914இல் ஜெர்மனியின் போரை ஆதரித்த 93 அறிஞர்களின் அறிக்கையில் தம் ஆசிரியர்களின் கையெழுத்தைக் கண்டு அதிர்ந்து, தாராளவாதத்தை விட்டு விலகியவர் அவர்.

மரபுவழி அறிஞர் இதை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞரான கிரெஷம் மேச்சன் நல்ல பாடம். 1905–06இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் தாராளவாதி வில்ஹெல்ம் ஹெர்மனிடமே கற்றவர்; ஆசிரியரின் பக்தி தம்மை உலுக்கியதை வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்கவில்லை. 1923இல் தாராளவாதம் கிறிஸ்தவத்திலிருந்து வேறான ஒரு மதம் என்று வாதிட்ட நூலே அவருக்குப் புகழ் தந்தது. ஆனால் பயில வேண்டிய முறை, பவுலின் சமயத்தின் தோற்றம் பற்றிய 1921ஆம் ஆண்டு நூலில் உள்ளது. முதலில் தாராளவாதிகளின் விளக்கத்தை அவர்களே ஒப்பும் வகையில் சொல்கிறார். அடுத்து, பவுல் வெறும் நல்லாசிரியரான இயேசுவின் சீடராக இருக்க முடியாது என்று அவர்களை மடக்கிய ஜெர்மானிய அறிஞர் வ்ரேடேயைக் கொண்டுவருகிறார். பிறகு வ்ரேடே, இன்னொரு ஜெர்மானிய அறிஞரான பூசே ஆகியோரின் மாற்று விளக்கங்களையும் சோதித்து, எதுவும் பவுலை விளக்கவில்லை என்று காட்டுகிறார். வேத வசனத்தை அடுக்கி முடிக்கவில்லை. எதிராளி ஏற்கும் வரலாற்றுச் சான்றுகளின் மேலேயே வாதம் நிற்கிறது.

இன்னொரு இடறலும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளை லூக்காவே எழுதினார் என்று 1906இலும், அது பவுலின் மரணத்துக்கு முந்தியது என்று 1911இலும் வாதிட்டவர் ஹார்னாக். மரபுவழியினர் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவார்கள். காட்டலாம், தவறில்லை. ஆனால் இயேசு அறிவித்த நற்செய்தி பிதாவைப் பற்றியது, குமாரனைப் பற்றியதல்ல என்று 1900இல் எழுதியவரும் அவரே. கால நிர்ணயம் வரலாற்று முடிவு, பின்னது இறையியல் தீர்ப்பு; இரண்டையும் தனித்தனியே குறிப்பிடாத மேற்கோள் அவரை மரபுவழி ஆளாகக் காட்டிவிடும்.