திரையைக் காதால் படிப்பவர்களுக்கு இணைய வகுப்பு எட்டுகிறதா?

பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: துணைக்கு ஆள் தேடாமல், வீட்டிலிருந்தபடியே படிக்க இணைய வகுப்பைப் போல் நல்ல வாய்ப்பு இவர்களுக்கு முன்பு அமைந்ததில்லை. ஆயினும் பலர் பதிவுப் பக்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே விலகிவிடுகிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி இருக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் முன்னின்று உருவாக்கிய என்விடிஏ திரைவாசிப்பான், கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டிலும் தமிழைக் கேட்கலாம். அப்படியிருந்தும் தடை நீடிப்பதற்குப் பாடங்கள் தயாரிக்கப்படும் விதமே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் இன்றும் பிடிஎஃப் கோப்புகளாகப் பகிரப்படுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும் சொல், அக்கோப்பில் பெரும்பாலும் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகியிருக்கும். திரைவாசிப்பானும் அவற்றைத்தான் ஒலிக்கும். பாடம் முழுவதையும் இப்படிக் கேட்டு ஒருவர் எதைப் படிக்க முடியும்? தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதிவுசெய்யும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-இல். அதற்குப் பிறகும் இந்நிலை தொடர்வது வேதனை தருகிறது. புத்தகப் பக்கத்தைப் படம்பிடித்து அப்படியே பதிவேற்றினால், படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளின் உதவியின்றி அதுவும் கிடைக்காது.

காணொளிப் பாடங்களில் ஆசிரியர் பலகையைச் சுட்டி “இதையும் இதையும் கூட்டினால் இது வரும்” என்கிறார். எண்களை வாய்விட்டுச் சொன்னாலே போதும், செலவு ஏதுமில்லை. தேர்வு இதைவிடக் கடினமானது. எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களே கூறின. ஆனால் இணைய வினாடி வினாக்கள் பலவற்றில் எல்லோருக்கும் ஒரே கடிகாரம்தான் ஓடுகிறது. படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லாவிட்டால், தேர்வுக்குள் நுழையவே பிறர் தயவு வேண்டும்.

மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் நான் கேட்பது ஒன்றே: வெளியிடுவதற்கு முன், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவரை அழைத்து, பதிவு செய்வதிலிருந்து கடைசி வினாவுக்கு விடையளிப்பது வரை அவரே செய்து பார்க்கட்டும், அவர் தடைப்படும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள், அந்த வேலைக்கு உரிய ஊதியத்தையும் அவருக்குக் கொடுங்கள்.