பழுனுதல்: கடலில் வைத்தெடுத்த விஸ்கிக்கு ஒரு தமிழ்ச் சொல்

உவரியிலிருந்து சரக்குக் கப்பல் வேலைக்குப் போன தம்பி ஒருவன் விடுப்பில் வந்தபோது பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "அண்ணாச்சி, பீப்பாயைக் கப்பலில் ஏற்றி, கடலிலேயே ஏஜிங் செய்த விஸ்கி என்று ஒன்று விற்கிறார்கள். அந்த ஏஜிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது?"

'முதிர்வித்தல்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் ஒப்பவில்லை.

'ஏஜ்' என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஏட்டாஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள் வயது, காலம். ஆகவே ஏஜிங் என்பது நேர்பொருளில் வயதேறுதல்தான். '12 வயது விஸ்கி', 'வயதாக்கப்பட்ட மது' என்று நம் இதழ்கள் எழுதுவது இதனால்தான். ஆனால் கடலில் நடக்கும் வேலையைப் பார்த்தால், ஆண்டுக் கணக்கு மட்டும் அந்தச் சுவையை உண்டாக்குவதில்லை என்பது தெரியும்.

1805ஆம் ஆண்டு நார்வேயிலிருந்து ஒரு கப்பல் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குப் போனது. அதில் உருளைக்கிழங்கிலிருந்து வடித்து, சீமைச் சோம்பு மணமூட்டிய அக்வாவிட் என்னும் மதுவும் இருந்தது. அங்கே அது விற்கவில்லை. 1807இல் பீப்பாய்களோடு திரும்பி வந்ததைச் சுவைத்தவர்கள், போனதைவிட வந்தது நன்றாக இருப்பதைக் கண்டார்கள். இன்றும் 'லினி' என்ற பெயரில் அந்த வகை அக்வாவிட்டைக் கப்பலில் ஏற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வைத்துத்தான் விற்கிறார்கள். 'லினி' என்பதே அந்தக் கோட்டைக் குறிக்கும் பெயர். அமெரிக்காவில் ஜெபர்சன்ஸ் என்னும் போர்பன் (பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி) நிறுவனம் இதே முறையில் பீப்பாய்களைக் கப்பலேற்றி 'ஓஷன்' என்று பெயரிட்டு விற்கிறது. அக்வாவிட், விஸ்கி என்ற இரண்டு பெயர்களுக்கும் பொருள் 'உயிர்நீர்'. முன்னது இலத்தீன், பின்னது அதையே ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்துக் கேலிக் மொழியில் சொன்னது.

கடல் என்ன செய்கிறது? வடித்து இறக்கும்போது விஸ்கிக்கு நிறமே கிடையாது. நிறத்தையும் சுவையில் பெரும்பங்கையும் தருவது ஓக் மரப் பீப்பாய்தான். போர்பனுக்கான பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள். சூட்டில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வனிலா மணம் தருகிறது, மரச் சர்க்கரைகள் கருகிப் பாகுச் சுவை தருகின்றன. ஓக்கில் உள்ள லாக்டோன் என்னும் சேர்மம் தேங்காய் மணத்தைக் கொடுக்கிறது. வெயில் ஏறும்போது மது விரிந்து மரத்துக்குள் புகும். குளிரும்போது சுருங்கி, மரத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வரும். கிடங்கில் பருவத்துக்குப் பருவம் நடக்கும் இந்தப் போக்குவரத்து, நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போய்வரும் கப்பலில் சில வாரங்களுக்குள் நடந்துவிடுகிறது. கூடவே அலையின் ஆட்டம். பீப்பாய்க்குள் மது ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை, புதிது புதிதாக மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, காற்றோடும் கலக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டால், ஜாடியை நாள்தோறும் குலுக்கி வெயிலில் வைப்பார். ஒரு நாள் குலுக்க மறந்தாலும் அடிக்காய்க்கும் மேல்காய்க்கும் சுவை வேறாகிவிடும் என்பார். வெயிலும் குலுக்கலும் இல்லாமல் எத்தனை நாள் வைத்தாலும் அது வெறும் பழைய காய்தான்.

உப்புக்காற்றைப் பற்றியும் பேசுகிறார்கள். உப்பு ஆவியாகாது, திவலையாகத் தெறித்துப் பலகையில் படிவதுதான். அதன் பங்கை நான் பெரிதாக நினைக்கவில்லை. வெப்பத்துக்கும் அசைவுக்குமே முதலிடம் கொடுப்பேன்.

கடலுக்குப் போகாமலும் இது விளங்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. பெங்களூரில் அது 10 விழுக்காட்டையும் தாண்டும். அங்கே சில ஆண்டுகளில் வந்துசேரும் செறிவுக்கு ஸ்காட்லாந்தில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வயது என்ற சொல் இங்கே எவ்வளவு சொல்லிவிடும்?

கலத்தின் உட்புறம் பானத்தின் விதியை எழுதும் என்பதை நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் காலையில் பதநீர் இறங்கும். தடவாமல் விட்டால் கள் இறங்கும். அதே பனை, அதே பாளை, அதே இரவு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். சங்கப் பாட்டில் இதற்கு ஒன்றல்ல, மூன்று வினைகள் இருக்கின்றன. புறநானூறு 392இல் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டியது போலக் கடுக்கும், நாள்பட்ட தேறல், அதாவது மது. இது காலத்தைச் சொல்வது, ஏஜிங்குக்கு நேர்ச்சொல். திருமுருகாற்றுப்படை 'நீடமை விளைந்த தேக்கள் தேறல்' என்கிறது. நீண்ட மூங்கிலுக்குள் விளைந்தது, அதாவது கலத்தோடு சேர்த்துச் சொன்னது. புறம் 120இல் கபிலர் பாடுவது 'நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்'. நிலத்தில் புதைத்து வைத்துப் பழுனிய மது. பழுனுதல் என்றால் முற்றுதல், நிறைவடைதல். பழுத்தலோடு உறவுள்ள சொல். காயை எத்தனை நாள் வைத்தாய் என்பது வேறு, பழுத்ததா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கான சொல் இது.

தேறல் என்ற சொல்லும் அழகானது. தேறு என்றால் தெளி. கசடு நீங்கித் தெளிந்ததுதான் தேறல். அது புளித்த மது, விஸ்கியோ வடித்த மது. ஆகவே விஸ்கியைத் தேறல் என்று அழைக்க மாட்டேன். ஆனால் தேறலுக்கு வந்த வினை விஸ்கிக்கும் பொருந்தும்.

கடல் கடந்து வந்த மதுவும் நம் பாட்டுக்குப் புதிதல்ல. புறம் 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறார். பாண்டியரின் கொற்கைத் துறை, தாமிரபரணி கடலில் சேரும் இந்தக் கரையில்தான் இருந்தது. அந்த அடியில் கலம் என்பதற்குக் குப்பி என்று உரை சொல்வார்கள். ஆனால் கலம் என்றால் கப்பலும்தான். கலத்துக்குள் ஒரு கலம் அசைந்து வருவதை வேறு எந்த மொழி இப்படி ஒரே சொல்லில் காட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: '12 ஆண்டு நாட்பட்ட விஸ்கி', 'கடலில் பழுனிய விஸ்கி'. பெயராக வேண்டுமானால் 'கடற்பழுனல்'. பீப்பாய்க்கும் தமிழ் கேட்டான். அது போர்த்துகீசியரின் 'பிப்பா', சாவியும் மேசையும் வந்த அதே வழியில் வந்த சொல். அவர்கள் இறங்கிய முத்துக்குளித் துறைகளில் பல இதே கரையில்தான் இருந்தன. 'மிடா' என்று மாற்றலாம் என்பவர்கள் உண்டு. மிடா பெரிய மண்பானை. மரம் செய்யும் வேலையைப் பேசுமிடத்தில் மண்ணின் பெயர் எதற்கு? பீப்பாய் பீப்பாயாகவே இருக்கட்டும் என்றேன்.