சொல்வதெழுதலில் தவறும் கடைசி எழுத்து

மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் சொல்வதெழுதல் நடத்துகிறார். 'பாடம் படித்தாள்' என்று அவர் சொல்ல, பின்வரிசைச் சிறுவன் 'பாடம் படித்தான்' என்று எழுதுகிறான். 'கடைக்குச் சென்றோம்' என்பது அவன் ஏட்டில் 'கடைக்குச் சென்றோ' என்று நின்றுவிடுகிறது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று எழுதப்படுகிறது. ஆனால் அந்த ஏட்டை நிதானமாகப் பார்த்தால், சொற்களின் முதலும் நடுவும் பெரும்பாலும் சரியாக இருப்பதும், பிழைகள் ஈற்றிலேயே குவிந்திருப்பதும் தெரியும். இத்தகைய ஏட்டைக் காணும்போது, கவனக்குறைவு என்ற முடிவுக்கு வருமுன் பிள்ளையின் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள சிறு அறைதான் நடுக்காது. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் காற்றால் சூழப்பட்டுத் தொங்குகின்றன. ஒலி காற்றில் வருகிறது. அதை உணரும் உட்காதோ திரவம் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தின்மேல் பட்டால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழையும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். இந்த இழப்பை ஈடுசெய்வதே நடுக்காதின் வேலை. அகன்ற செவிப்பறையில் விழும் அழுத்தத்தை, அதைவிடப் பரப்பில் 17 மடங்கு சிறிய, உட்காதின் வாயிலான நீள்வட்டப் பலகணியில் குவிப்பதாலும், எலும்புகள் நெம்புகோலாக இயங்குவதாலும் அழுத்தம் சுமார் 20 மடங்கு பெருகுகிறது.

இந்தப் பொறி இயங்க வேண்டுமானால் செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும். மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து அதைச் சரிசெய்கிறது. குழந்தைகளில் இந்தக் குழல் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருக்கிறது; அதன் வாயருகே உள்ள அடினாய்டு திசுவும் அவ்வயதில் பருத்திருக்கும். சளி பிடித்துக் குழல் அடைபடும்போது, உள்ளே இருந்த காற்று உறிஞ்சப்பட்டு அழுத்தம் குறைகிறது. நடுக்காதின் உட்சவ்விலிருந்து திரவம் கசிந்து தேங்கி, நாளடைவில் பசைபோல் கெட்டிப்படுகிறது. பெரும்பாலும் காய்ச்சலோ கடும் வலியோ இல்லாததால் வீட்டில் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை.

இதனால் ஏற்படும் கேட்புத்திறன் இழப்பு பொதுவாக 25 முதல் 30 டெசிபல் வரை இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்பதால்தான் 'காது நன்றாகக் கேட்கிறது' என்று நம்பிவிடுகிறோம். அதற்குக் குரல் கேட்கிறது. ஆனால் உயிரொலிகளைவிட ஆற்றல் குறைந்த மெய்யொலிகள் நழுவுகின்றன. தமிழில் இந்த நழுவலின் விலை அதிகம். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையும் வேற்றுமையையும் நாம் சொல்லின் ஈற்றில்தான் வைத்திருக்கிறோம். பேசுபவரின் குரல் தாழ்வதும் வாக்கியத்தின் முடிவில்தான். இரைச்சலுள்ள வகுப்பில், ஆசிரியரிடமிருந்து எட்டடி தள்ளி அமர்ந்த பிள்ளைக்கு அந்த ஈறு வந்து சேர்வதே இல்லை.

இன்னும் இரண்டு செய்திகள் பெரியவர்களைத் தவறாக எண்ண வைக்கின்றன. நீர் கூடியும் வற்றியும் வருவதால், இந்த வாரம் கேட்காத பிள்ளைக்கு அடுத்த வாரம் கேட்கும்; அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் தண்டிப்பது உண்மையிலேயே கொடுமை. மற்றொன்று, தன் குரல் எலும்பின் வழியாக உரக்கக் கேட்பதால் இப்பிள்ளை மெல்லப் பேசுகிறது. காது மந்தமானவர் உரக்கப் பேசுவார் என்ற நம் எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறானது.

கண்டறிவது எளிது. டிம்பனோமெட்ரி கருவி காதுத் துளையில் அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளக்கும். நீர் தேங்கியிருந்தால் வரைபடத்தில் முகடு எழாமல் கோடு தட்டையாக ஓடும். பிள்ளைக்கு இதில் வலியில்லை, சில நொடிகளே ஆகும். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. செவிக்குறைபாடும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. ஆனால் குழு வரும் நாளில் காது தெளிந்திருந்தால் பிள்ளையின் குறை கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், ஆண்டு முழுவதும் ஏட்டைப் பார்க்கும் ஆசிரியரின் குறிப்பு மிகவும் மதிப்புடையது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்திற்குள் நீர் தானாகவே வற்றிவிடும் என்பதால் மருத்துவர்கள் முதலில் காத்திருக்கச் சொல்வார்கள். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதால் பயனில்லை. செவிப்பறை மூடியிருக்க, எண்ணெய் அதற்கு அப்பால் போகாது. அந்த மூன்று மாதமும் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் வகுப்பை நோக்கிப் பேசி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தாழ்த்தாமல் சொன்னாலே ஏட்டில் வேறுபாடு தெரியும். நீர் வற்றாமல் கேட்புத்திறனும் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் நுண்ணிய கீறலிட்டு நீரை உறிஞ்சி, குரோமெட் என்னும் சிறு குழாயைப் பொருத்துவார்கள். அடைபட்ட குழலுக்குப் பதிலாக அதுவே காற்றை உள்ளே விடுகிறது. செவிப்பறையின் தோல் வெளிநோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதால், பெரும்பாலும் ஓராண்டு அளவில் அக்குழாய் தானே வெளியே தள்ளப்பட்டு விழுந்துவிடும். துளையும் பொதுவாகத் தானே மூடிக்கொள்ளும்.