வேற்று மாநிலத்திலிருந்து சம்மன் வந்தால்

நியூ ஜெர்சியில் குடியிருப்பவருக்கு டெக்சாஸ் மாநில நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருகிறது. "அந்த ஊர்ப் பக்கமே நான் போனதில்லை. அந்த கோர்ட்டுக்கு என் மேல் என்ன அதிகாரம்? பேசாமல் விட்டுவிடலாமா?" என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். பிரதிவாதிக்கு அந்த மாநிலத்தோடு குறைந்தபட்சத் தொடர்பாவது இருக்க வேண்டும் என்று 1945-இல் இன்டர்நேஷனல் ஷூ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நேரில் போகவில்லை என்பது மட்டும் போதாது. 1985-இல் பர்கர் கிங் வழக்கில், மிஷிகனில் கடை நடத்தியவர் ஃப்ளோரிடாவில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஃப்ளோரிடா நிறுவனத்தோடு போட்ட நீண்டகால ஒப்பந்தமே அந்தத் தொடர்பு.

சரி, தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "நான் பணம் எதுவும் தர வேண்டியதில்லை" என்று அவசரமாக ஒரு பதிலைத் தாங்களே எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் வக்கீலைத் தேடுகிறார்கள். டெக்சாஸில் அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபத்தை, உறுதிமொழியோடு, வேறெந்த மனுவுக்கும் முன்னால் தாக்கல் செய்ய வேண்டும். ஃபெடரல் நீதிமன்றத்திலும், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்திலும், முதல் மனுவிலோ பதிலுரையிலோ அதை எழுப்பாவிட்டால், கைவிட்டதாகவே பொருள்.

பதில் தாக்கல் செய்வதற்கான கெடுவும் இடத்துக்கு இடம் மாறும். ஃபெடரல் நீதிமன்றத்தில் பொதுவாக 21 நாள். டெக்சாஸில் பொதுவாக, சம்மன் கைக்கு வந்து 20 நாள் கழிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி.

வழக்கு வகையைப் பொறுத்த அதிகாரம், அதாவது இந்த வகை வழக்கை அந்த நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பது, வேறு. இரு மாநிலத்தாருக்கு இடையே என்பதற்காக ஃபெடரல் நீதிமன்றம் போகும் வழக்கில், தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். அந்தக் குறையை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, தன் மேலான அதிகாரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள்.

ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். அதை நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து பணம் வசூலிக்கப் பார்ப்பார்கள். அப்போது அதிகாரம் இல்லை என்று வாதாடலாம்தான். தோற்றால், கடன் உண்டா இல்லையா என்று பேச அங்கே இடமில்லை. இவ்வளவு பெரிய பந்தயத்தில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்லுவேன்.

வக்கீலைக் கூப்பிடும்போது சம்மன் கைக்கு வந்த தேதியைச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் அதன் நகலையும் மறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.