லீவர் ஆக்‌ஷன் என்றால் நெம்புபொறி

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகும் ஒருவரின் காணொளியைப் போன வாரம் பார்த்தேன். பல வருடமாகத் தொலைநோக்கி பொருத்திய, தாழைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருந்தவர், இப்போது அடியில் உள்ள வளையப் பிடியை நெம்பித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் பக்கம் மனசு போய்விட்டது என்கிறார். ஒன்று வாங்கிவிட்டார், இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார். நல்ல பேச்சு. ஆனால் கீழே ஓடிய தமிழ் வரி "நெம்புகோல் நடவடிக்கை துப்பாக்கி" என்றது. இதே சொல்லை நான் பார்ப்பது இது நாலாவதோ ஐந்தாவதோ முறை. அதே காணொளியில் இன்னோர் இடத்தில் அது "தானியங்கித் துப்பாக்கி" ஆகிவிட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

முதலில் வேர். லீவர் என்பது தூக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக்‌ஷனும் லத்தீன்தான், செய்தல், நடத்துதல் என்பது அதன் அடிப்பொருள். ரைஃபிள் என்ற பெயர் குழலின் உட்சுவரில் போடும் சுருள் வரிகளால் வந்தது. அதனால்தான் அதைச் சுரிகுழல் துப்பாக்கி என்பவர்கள் உண்டு. துப்பாக்கி துருக்கி மொழி வழியில் வந்த சொல். தனித்தமிழ் அன்பர்கள் அதையும் விட்டுத் துமுக்கி என்பார்கள். எனக்குத் துப்பாக்கியே போதும், அது நம் வீட்டுச் சொல்லாகி நெடுங்காலம் ஆகிறது.

சிக்கல் ஆக்‌ஷனில்தான். துப்பாக்கிக்காரர்கள் ஆக்‌ஷன் என்று சொல்வது ஒரு பொருளை. தோட்டாவை அறைக்குள் ஏற்றி, பின்பக்கத்தைப் பூட்டி, சுட்டபின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் உறுப்புகளின் தொகுதிக்கு அது பெயர். பியானோவிலும் இதே சொல் உண்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே தந்தியை அடிக்கும் சிறு சுத்திகளும் நெம்புகளும் சேர்ந்த அமைப்பை அங்கே ஆக்‌ஷன் என்பார்கள். தமிழில் நடவடிக்கை என்றால் மாவட்ட ஆட்சியர் எடுப்பது, காவல்துறை எடுப்பது. அதைத் துப்பாக்கிக்குள் வைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் இதற்குக் காரணம். மொழிபெயர்ப்பவர் அந்தப் பொருளை ஒருமுறை படத்திலாவது பார்த்திருக்க வேண்டாமா?

பார்த்தால் தெரிந்துவிடும். சுடும் விசையைக் காக்கும் வளையம் பின்னோக்கி நீண்டு ஒரு பிடியாக இருக்கும். வலக்கையின் கடைசி மூன்று விரல்களை அதற்குள் விட்டுக் கீழும் முன்னுமாகத் தள்ள வேண்டும். உள்ளே தாழ் பின்வாங்கும், வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும், பின்னால் இருக்கும் குதிரை, அதாவது சுடும்போது அடிக்கும் ஹேமர், சாய்ந்து நிற்கும். பிடியைத் திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பழகிய கைக்கு ஒரு நொடி வேலை. கை அசையாமல் எதுவும் நடக்காது. அதனால்தான் தானியங்கி என்பது வெறும் சொற்பிழையோடு நிற்பதில்லை. பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக மான் வேட்டைக்குத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை எடுத்துப்போக விடுவதில்லை, கையால் இயக்குவதுதான் வேண்டும். லீவர் ஆக்‌ஷன் அங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மனிதர் ஏன் இதை விரும்புகிறார் என்ற பேச்சின் நடுவிலேயே அதற்கு நேர் எதிரான சொல்லை வைத்துவிட்டார்கள்.

சரி, நடவடிக்கை வேண்டாம் என்பவர்கள் முன்வைக்கும் சொல் "நெம்புவிசைத் துப்பாக்கி". காதுக்கு நன்றாக இருக்கிறது, தமிழாகவும் இருக்கிறது. இதை ஆதரிக்கும் நண்பர் ஒருவருடன் இரண்டு மாலைகள் பேசியிருக்கிறேன். விசை என்றால் இயக்கம், இயந்திரம் எல்லாம் அடங்கும், விசைத்தறி இல்லையா, விசைப்படகு இல்லையா என்று கேட்டார். உண்டுதான். ஆனால் துப்பாக்கியில் விசை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் இடம் கொடுத்தாகிவிட்டது. "விசையை அழுத்தினான், குண்டு பாய்ந்தது" என்று எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! சுடுவதற்கு விரலால் இழுப்பது விசை. இந்தத் துப்பாக்கியிலோ அந்த விசையும் நெம்பும் ஒரே கைக்குள், விரல்கடை தூரத்தில் இருக்கின்றன. "நெம்புவிசையை இறக்கியபின் விசையைத் தொடாதே" என்று ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதிப் பாருங்கள். எது எது? சமையல் குறிப்பில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் குழம்பு கெடும், இங்கே ஆள் போவான். பள்ளி இயற்பியலில் விசை வேறு பொருளில் வருகிறது என்பது இன்னொரு தொல்லை. ஒரு துறைக்குள் ஒரு சொல் ஒரு பொருளோடு நிற்க வேண்டும். சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

"நெம்புகோல் இயக்கத் துப்பாக்கி" தவறில்லை. நடவடிக்கைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கோல் என்றால் நேரான கம்பு, இங்கே இருப்பது வளையம். இயக்கம் என்ற சொல் அரசியலில் உழன்று தேய்ந்துவிட்டது. நெம்புதல்தான் இதில் உயிரான பகுதி. பெயிண்ட் டப்பா மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறக்கிறோம், கடப்பாரையால் கல்லை நெம்புகிறோம். அதை விடக்கூடாது.

என் பரிந்துரை நெம்புபொறி. நெம்பும் பொறி, வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. பொறியை நான் புதிதாகக் கொண்டுவரவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்த படைக்கருவிகளைச் சொல்லும்போது தானே வளைந்து எய்யும் வளைவிற்பொறி வருகிறது. போர்க்கருவியின் உள்ளமைப்புக்குப் பொறி என்று நம்மவர் பெயர் வைத்து ஆயிரம் வருடத்துக்கும் மேலாகிறது. பொறி தீப்பொறியையும் குறிக்குமே, வெடிமருந்து இருக்கும் இடத்தில் குழப்பாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எலிப்பொறி என்றால் யாரும் தீயை நினைப்பதில்லை, முன்னால் நிற்கும் சொல் பொருளைக் காட்டிவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. போல்ட் ஆக்‌ஷனைத் தாழ்ப்பொறி எனலாம், கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுப்பது போலத்தான் அதன் அசைவும். குழலுக்கடியில் உள்ள பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் ஆக்‌ஷன் இழுபொறி. ஒரு குடும்பமே நின்றுவிடும்.

இதே காணொளியில் ஹேமரைச் சுத்தியல் என்றும் எழுதியிருந்தார்கள். துப்பாக்கியின் குதிரை என்ற நல்ல சொல் நம் அகராதியிலேயே இருக்கிறது. தோட்டாவையும் குண்டையும் கலக்காத மொழிபெயர்ப்பைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா, பாய்ந்து போவது குண்டு மட்டும். ஈழத்தில் தோட்டாவை ரவை, தோட்டாக்களை அடுக்கும் கூட்டை ரவைக்கூடு என்று கச்சிதமாகப் புழங்கினார்கள், அதை இங்கே எடுத்துக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நெம்புபொறியில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பின்னால் இருப்பதன் குண்டு முனை முன்னால் இருப்பதன் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால், அதிர்ச்சியில் அது குத்தி வெடிக்கலாம். ஆகவே பல தலைமுறையாக மொட்டை முனைக் குண்டுதான் போட்டார்கள். இந்த நூற்றாண்டில்தான் வளையும் மென்முனை வைத்த கூர்குண்டு வந்தது. "தோட்டா கூராக இருக்கக்கூடாது" என்று எழுதினால் இதில் எது விளங்கும்?

வேட்டைக்காரர் ஏன் மயங்கினார் என்பதும் அந்தத் தமிழ் வரிகளில் தொலைந்துபோனது. 1860-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி என்ற நெம்புபொறி ரைஃபிள் 16 தோட்டா கொண்டது, மற்றவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொன்றாகக் குழல்வாயில் இடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 எழுபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 2006-இல் அதைச் செய்துவந்த நியூ ஹேவன் தொழிற்சாலை மூடியபோது பலர் கதை முடிந்தது என்றார்கள். நெம்புபொறிக்குப் பேர்போன இன்னொரு நிறுவனமான மார்லினின் பெயரை 2020-இல் ரூகர் நிறுவனம் வாங்கி, 2021 கடைசியில் மறுபடி செய்யத் தொடங்கியது. அடர்ந்த காட்டில் மான் நூறு கெஜத்துக்குள் தென்படும், அங்கே நீண்ட குழலும் பெரிய தொலைநோக்கியும் சுமைதான்.

அவர் சொன்னதை நான் இப்படி எழுதியிருப்பேன்: "தாழ்ப்பொறி தோளில் கிடந்தால் அதன் கைப்பிடி புதரில் மாட்டும். நெம்புபொறி தட்டையானது, ஒரு கையில் நடுவில் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க நடக்கலாம். இரண்டாவது தோட்டா வேண்டுமென்றால் தோளிலிருந்து இறக்காமலே நெம்பிக்கொள்ளலாம்."